மாடித் தொட்டியின் சாட்சி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஆறு வருஷமாகக் கோதண்டபாணிதான் செயலாளர். ஏழாவது வருஷத்துக்கும் தனக்கே கை தூக்கச் சொல்லி, கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டிருந்தார். இரண்டாம் மாடி ஜெசிந்தா டீச்சர் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைத்தார். உள்ளே நகத்துணுக்கு அளவில் ஒரு பழுப்புப் புழு. மாறுகண்ணோடு எங்களைப் பார்த்தது.

"தட்டைப்புழு சார். பல் தேய்க்கிற தண்ணியில வந்துது. மாடித் தொட்டியைக் கழுவறீங்களா இல்லையா?"

"மாசாமாசம் நானே இறங்கிக் கழுவறேன் மேடம். இவனை எனக்கு நல்லாத் தெரியும். ஒருதரம் பிளேடால ரெண்டா நறுக்கினேன். தலைக்கு வால் முளைச்சுது, வாலுக்குத் தலை முளைச்சுது."

"அது நிஜம்தான்," என்றார் டீச்சர். அவர் விலங்கியல் நடத்துகிறவர்.

கோதண்டபாணி அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் யாராவது ஆமாம் போட்டுவிட்டால் அவருக்குக் கால் தரையில் நிற்காது.

"விடுவேனா? நூத்துநாலு துண்டாப் போட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தா நூத்துநாலும் வரிசையா நின்னு என்னை முறைக்குது."

"வரிசையாவா?" என்றார் மூன்றாம் மாடி காசிம் பாய்.

"உயர வரிசைப்படி பாய். சரி, வெட்டிப் பிரயோஜனமில்லன்னு பழக்க ஆரம்பிச்சேன். விசில் அடிச்சா ஓடிவரும். ஒண்ணோட தலையை எடுத்தேன். புதுத் தலை முளைச்சுது, அதுவும் விசிலுக்கு வந்துது. பழசு எதையும் மறக்காது மேடம். அதுக்கு உடம்பு பூரா ஞாபகம்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, போன மாசம் மோட்டார் மக்கர் பண்ணுச்சே, அப்ப தண்ணி எப்படி வந்துது? கீழ்த்தொட்டியிலேருந்து மேல்தொட்டி வரைக்கும் சங்கிலியா நின்னு, வாய்க்கு வாய் மாத்தி ஏத்தினதே அதுங்கதான்."

லாரித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து மாடி ஏறியது நாங்கள். என் இடுப்புக்கு இன்னும் தைலம் போய்க்கொண்டிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டீச்சர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். "பழசு எதையும் மறக்காதுன்னீங்க. தொட்டியைக் கடைசியா எப்ப கழுவினீங்கன்னு இதையே கேட்டுடலாம். விசில் அடிங்க சார்."

சளைக்கிற ஆளா அவர்? சிரித்தார்.

"அதுக்கெப்படி மேடம் தெரியும்? அது நம்ம தொட்டிக்கு வந்தே மூணு வருஷம்தானே ஆச்சு."

அதன்பிறகு கை தூக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. காசிம் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"தொட்டிக்குப் போற ஏணி எங்க இருக்கு சார்? அதாவது தெரியுமா?"