கீரைப் பாத்திக்கு அடியில் அஸ்திவாரம்

பாதியில் வாயைத் திறந்து விடை சொல்லக் கூடாது. முழுக்கக் கேளுங்கள். தேதிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், "அது எப்போ சொன்னீங்க?" என்று திரும்பக் கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சண்முகையா நூல் மில்லில் ஃபிட்டர். இருபத்தாறு வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் போய்விட்டது. ஆடிக் கடைசியில் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். எந்த வீட்டுக்கு என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று டாக்டர்களுக்கு ஒரு நினைப்பு.

சண்முகையா இருந்தது வாடகை வீடு. ஒரே ஓட்டுக் கூரை. பாதியில் இவர்கள், மறு பாதியில் வீட்டுக்காரி காந்திமதி. அவிட்ட நட்சத்திரத்தில் உயிர் போனால் அடைப்பு. ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப் போட வேண்டும் என்பது அங்கே சாஸ்திரம். பூட்டிவிட்டால் காந்திமதிக்கும் போக்கிடம் கிடையாது. "எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க பேச்சி. அவிட்டத்தன்னைக்கு மட்டும் என்னைச் சோதிச்சிராதீங்க" என்று சண்முகையாவின் மனைவி பேச்சித்தாயிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ஊர் எல்லையில் அவர்களுக்கு இரண்டு சென்ட் மனை, பட்டாவோடு இருந்தது. வயர் இழுத்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு வீடு கிடையாது. ஓர் அறை கட்டினால் போதும். ஆனால் அவருடைய ஆக்சிஜன் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்டுக்கு வீட்டு வரி ரசீது வேண்டும். ரசீதுக்குக் கட்டட அனுமதி வேண்டும். ஆவணி முதல் தேதி வரைபடத்தோடு ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். மனுவில் 'காலி மனை' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அது உண்மை.

பேச்சித்தாயின் தம்பி கொம்பையா கொத்தனார். "அனுமதி மட்டும் வரட்டும். நாலே நாள்ல தகரம் போட்டு அறையும் முடிஞ்சிரும், கரண்டும் வந்திரும்" என்றான். ஆனால் ஆவணி ஆறு வாஸ்து நாள். அதை விட்டால் ஐப்பசி பதினொன்று. "ஐப்பசி வரைக்கும் அத்தான் தாங்குவாகளாக்கா?" என்று கேட்டவன், அனுமதிக்குக் காத்திராமல் ஆறாம் தேதியே பூஜை போட்டு அஸ்திவாரத்தைக் கட்டிவிட்டான். முன்கூட்டி வேலை தொடங்கினால் மனுவே செல்லாது என்று டீக்கடையில் யாரோ பிறகு சொன்னார்கள். விசாரிக்க வேண்டிய இடத்தில் போய் விசாரித்தானா? இல்லை. கல்லின் மேல் ஒரு முழம் செம்மண்ணைக் கொட்டித் தண்டங்கீரை விதைத்துவிட்டான்.

விஷயம் சண்முகையாவின் காதுக்குப் போயிற்று. மூச்சு வாங்க வாங்க மனைவியிடம் சொன்னார்: "ரெண்டு சத்தியம் பண்ணு பேச்சி. அடுத்தவுக வீட்ல என்னைச் சாக விட்ராத. பொய் சொல்லி வாங்குன வீட்லயும் கெடத்திராத."

இரண்டுக்கும் கையில் அடித்துக் கொடுத்தாள். ஒன்றோடொன்று இடிக்குமே என்று யோசிக்கிற நிலையிலா இருந்தாள்?

ஆவணி பதினெட்டு. ஊராட்சிச் செயலர் தெய்வநாயகம் மனையைப் பார்வையிட வந்தார். அறை அளவுக்குச் சதுரமாக ஒரு மேடு, மேலே கீரை. ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்.

"கீரையாம்மா?"

"ஆமா சார், சும்மா கெடக்கேன்னு அக்கா போட்டது" என்று முந்திக்கொண்டான் கொம்பையா.

"நல்லாத்தான் வந்திருக்கு. சரி, காலி மனைன்னு எழுதிக்கிடுதேன். இன்னைக்கே அனுமதி கொடுத்திரலாம்."

"எழுதாதீங்க சார்" என்றாள் பேச்சித்தாய். "அடியில அஸ்திவாரம் கெடக்கு."

"உன்னை யாரும்மா கேட்டா?" செயலர் எரிந்து விழுந்தார். "காதுல விழுந்த பிறகு நான் எப்படி மாத்தி எழுத?"

"சாகக் கெடக்கிறவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுப்பாளாம், மூச்சு மட்டும் கொடுக்க மாட்டாளாம்!" என்று கத்திவிட்டுப் போனான் கொம்பையா.

செயலர் உள்ளதை எழுதினார்: வேலை தொடங்கியாயிற்று, அபராதத்தோடு அனுமதிக்கலாம். மனு செல்லாமலெல்லாம் போகவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் அதற்குப் பதினைந்து நாள் ஆகும், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் அவருடைய மாமனார் ஊரில் கோயில் கொடைத் திருவிழா. மனுக் கோப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனவர், ஆவணி முப்பதாம் தேதிதான் அதை அனுப்பினார்.

புரட்டாசி ஒன்பது, மத்தியானம் அவிட்டம் தொடங்குகிறது. காலையிலேயே சண்முகையாவின் நகங்கள் நீலம் பாரித்துவிட்டன. காந்திமதி வாசலில் வந்து நின்றாள். பேச்சித்தாயே ஆட்டோ பிடித்தாள். மனையில் கீரையைப் பிடுங்கிப் போட்டுப் பாயை விரித்தாள், மேலே தார்ப்பாயைக் கட்டினாள். கைவசம் இருந்த ஒற்றை சிலிண்டர் மூன்று மணி நேரம் வந்தது. அது தீர்ந்து, வெயில் இறங்குவதற்குள் அவர் போய்விட்டார். அனுமதி பதினாலாம் தேதி வந்தது.

தம்பி மறைத்தான். அக்கா சொன்னாள். செயலர் எழுதினார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பேச்சித்தாய். 'புருஷனைக் கொன்றவள்' என்று ஊர் சொல்கிறது. விரலை மடக்கி எண்ணத் தெரியாத ஊர். ஆவணிக்கு முப்பத்தொரு நாள். பதினெட்டாம் தேதியே கோப்பு போயிருந்தால் புரட்டாசி இரண்டில் அனுமதி, ஆறில் அறையும் கரண்டும். அவிட்டத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்திருக்கும். மூச்சை நிறுத்தியது அவள் சொன்ன உண்மை அல்ல, பீரோவில் கிடந்த பன்னிரண்டு நாள். செயலர் எழுதியது சரி, பூட்டி வைத்தது தப்பு. கொம்பையாவுக்கு அத்தான் மேல் பாசம் நிஜம். ஆனால் யாருக்காகப் பொய் சொன்னானோ அவருக்கே அந்தப் பொய் வேண்டாம். சண்முகையா அடுத்தவர் வீட்டிலும் சாகவில்லை, பொய்யில் வாங்கிய வீட்டிலும் சாகவில்லை. இடித்துக்கொண்ட இரண்டு சத்தியத்தையும் அவள் காப்பாற்றிவிட்டாள். அதனால் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஒரு கொத்தனார் தொடங்கிய வேலையை, அவன் வாயால் 'சரி' என்று சொல்லாமல் இன்னொரு கொத்தனார் தொடுவதில்லை அந்தப் பக்கம். கொம்பையா இன்றுவரை சொல்லவில்லை. பேச்சித்தாய் காந்திமதி வீட்டில்தான் குடியிருக்கிறாள்.