கிழங்கு மேட்டு வேலைநிறுத்தம்

நாவல்காட்டில் ஒரு கரடி கிழங்குக் கிடங்கு நடத்தி வந்தது. முள்ளம்பன்றிகள் அடிவாரத்தில் கிழங்கு தோண்டும். அணில்கள் மண்ணைத் தட்டிச் சுத்தம் செய்யும். கழுதைகள் மூட்டை கட்டிப் பாறை மேட்டிலிருக்கும் கிடங்குக்கு ஏற்றும். சாயங்காலம் எல்லோருக்கும் வயிற்றுக்குக் கிழங்கு உண்டு. ஆனால் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை யாரும் நிமிரக் கூடாது. சித்திரை வெயிலானாலும் அப்படித்தான்!

அங்கே ஈட்டி என்றொரு பெண் முள்ளம்பன்றி வேலை செய்தது. தோண்டுவதில் அதற்கு இணை கிடையாது. ஆனால் யாரோடும் சேராது. யாராவது பக்கத்தில் வந்தாலே அதன் முள்ளெல்லாம் குத்திட்டு நிற்கும்.

ஒருநாள் உச்சிவேளை. பாறை அனலாய்க் கொதித்தது. மேடேறிக்கொண்டிருந்த பொதியன் என்ற கழுதைக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மூட்டையோடு உருண்டு, ஈட்டி தோண்டிக்கொண்டிருந்த குழிக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தது. முன்னங்கால் முறிந்துவிட்டது.

மேஸ்திரி கீரி ஓடிவந்தது. முதலில் மூட்டையைத்தான் அவிழ்த்துப் பார்த்தது!

"நல்லவேளை, கிழங்கு நசுங்கலை! பொதியா, நீ வீட்டுக்குப் போ. இனிமே வரவேண்டாம்."

"கால் சரியாகுற வரைக்கும் நான் என்னங்க சாப்பிடுறது?"

"அதை என்கிட்ட கேட்டா?" என்று சொல்லிவிட்டுக் கீரி போய்விட்டது.

ஈட்டி குழிக்குள் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டது. அன்று அதற்குத் தோண்டக் கை ஓடவில்லை. சாயங்காலம் தன் கிழங்கில் பாதியைப் பொதியனிடம் கொண்டுபோய் வைத்தது. பிறகு நேராகக் கரடியிடம் போனது.

"ஐயா, உச்சி வெயில்ல மட்டும் கொஞ்ச நேரம் உட்கார விடுங்க. வேலையில அடிபட்டவங்களுக்குக் குணமாகுற வரை சாப்பாடு கொடுங்க."

கரடி தேன் நக்கிக்கொண்டே சிரித்தது. "உனக்குப் பிடிக்கலைன்னா போ! உன் குழிக்கு வேற முள்ளம்பன்றி கிடைக்காதா?"

தனியாகப் போய்க் கேட்டால் இப்படித்தான் என்று ஈட்டிக்குப் புரிந்தது.

மறுநாள் காலை, வேலைக்கு முன்னால், எல்லோரும் தண்ணீர் குடிக்கும் சுனைக்குப் போனது. "ஒரு நிமிஷம் நில்லுங்க!" என்றது. முள் சிலிர்த்ததைப் பார்த்து அணில்களெல்லாம் தாவி மரத்தில் ஏறிக்கொண்டன! ஈட்டிக்கு வெட்கமாகிவிட்டது. மூச்சை இழுத்துவிட்டு, முட்களை மெல்லப் படியவைத்தது.

"இறங்கி வாங்க. பொதியனுக்கு நேத்து நடந்தது நாளைக்கு நமக்கும் நடக்கும்."

"எனக்கு நாலு குட்டிங்க இருக்கு. முதலாளியைப் பகைச்சுக்க முடியுமா?" என்றது ஓர் அணில்.

"எனக்கும் பயந்தான்" என்றது ஈட்டி. "ஒருத்தரை நிறுத்தினா இன்னொருத்தர் கிடைப்பாங்க. எல்லாரும் நின்னா?"

நாலைந்து காலை இப்படியே பேசினார்கள். நடுநடுவே சண்டையும் போட்டார்கள். கடைசியில் ஒரு சங்கம் உண்டாயிற்று.

கீரிக்கு விஷயம் எட்டியது. அது ஈட்டியைத் தனியாக அழைத்தது.

"ஈட்டியக்கா, உங்க திறமைக்குக் குழியா? இன்னொரு மேஸ்திரி வேணும்கிறார் முதலாளி. நிழல்ல உட்கார்ந்து அதட்டினாப் போதும். சங்கத்தை மட்டும் மறந்துடுங்க!"

ஈட்டி உடனே மறுத்துவிடவில்லை. நிழல் என்றதும் மனது கொஞ்சம் ஆசைப்பட்டது. ஒரு பகல் முழுக்க யோசித்தது. மறுநாள் சுனைக்குப் போய் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிவிட்டது. "எனக்கு இப்படி ஆசை காட்டினாங்க. ஆசையாத்தான் இருந்தது. ஆனா வேண்டாம்னுட்டேன்." அதைக் கேட்டபிறகு யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வரவில்லை.

அன்றே வேலைநிறுத்தம் தொடங்கியது. தோண்டுவாரில்லை, சுமப்பாரில்லை.

இரண்டாம் நாளே வயிறு கிள்ளியது. அப்போது ஆற்றங்கரையிலிருந்து காட்டுப்பன்றிகள் வந்தன. அவை ஓர் எருமையிடம் கரை கட்டும் வேலை செய்பவை. முதுகெல்லாம் வெயிலில் வெடித்திருந்தது. தங்களுக்குக் கிடைத்த கோரைக்கிழங்கைக் கொட்டிவிட்டு, "விட்டுடாதீங்க அக்கா!" என்று சொல்லிப் போயின.

கரடி தானே தோண்டிவிட்டது. அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் உச்சி வெயிலில் மூட்டையோடு பாறையில் ஏறியபோதுதான் அந்தக் கஷ்டம் தெரிந்தது. பாதி மேட்டிலேயே "அப்பாடா!" என்று உட்கார்ந்துவிட்டது.

ஐந்தாம் நாள் கரடி இறங்கி வந்தது. "சரி, உங்களுக்கு மட்டும் உச்சிவேளை ஓய்வு தர்றேன். பொதியனுக்கும் சாப்பாடு தர்றேன். வெளியில சொல்லக் கூடாது!"

அணில்கள் துள்ளின. "போதும், ஒத்துக்கலாம்!"

ஈட்டி அவற்றைப் பார்த்தது. "பசிச்சப்போ நமக்குக் கொடுத்த பன்றிங்க? அவங்க இன்னைக்கும் வெயில்லதான் நிக்கிறாங்க. இவர் மனசு மாறினா நமக்கும் நாளைக்கு இல்லை. இதைக் காட்டுச் சட்டமாக்கணும்!"

அணில்கள் வாலைத் தொங்கப்போட்டன. பிறகு ஒவ்வொன்றாகத் தலையாட்டின.

எல்லோருமாகக் காட்டை ஆளும் யானையரசியின் சபைக்குப் போனார்கள். பன்றிகளும் கூட வந்தன. கரடியும் எருமையும் எதிரே நின்றன.

"வேலை நின்னா காடே பட்டினி கிடக்கும், தாயே!" என்றது கரடி.

யானையரசி கேட்டது: "உச்சி வெயிலில் நீங்கள் மூட்டையோடு ஏறிப் பார்த்தீர்களா?"

கரடி தலையைச் சொறிந்தது. "பார்த்தேன். பாதி தூரம்."

சபையே சிரித்தது. கரடிக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

யானையரசி தும்பிக்கையை உயர்த்தியது. "இன்று முதல், நிழல் காலடியில் சுருங்கும் வேளையில் எந்த வேலையிடத்திலும் யாரும் வேலை வாங்கக் கூடாது. வேலையில் அடிபட்டவருக்குக் குணமாகும்வரை உணவு தர வேண்டும். சங்கம் சேர்ந்ததற்காக யாரையும் நிறுத்தக் கூடாது. இது காடு முழுமைக்கும் சட்டம்!"

கரடி முணுமுணுத்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போனது. ஆனாலும் சட்டத்தை மீறவில்லை.

பொதியனின் கால் மழைக்காலத்துக்குள் கூடிவிட்டது. கொஞ்சம் நொண்டல் மட்டும் இருந்தது. அதனால் சமதரையில் சுமக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

அதெல்லாம் பிறகு நடந்தது. சட்டம் வந்த மறுநாள் உச்சிவேளை. ஈட்டி நாவல் மரத்தடியில் படுத்து, பழம் தின்றுகொண்டே காதைத் தீட்டிக் கேட்டது. ஆற்றங்கரையில் பன்றிகள் மண் இடிக்கும் சத்தம் தொம் தொம்மென்று வந்துகொண்டிருந்தது. சட்டென்று அது நின்றது. கொஞ்ச நேரத்தில், பன்றிகள் ஆற்றில் விழுந்து குளிக்கும் கும்மாளம் கேட்டது. ஈட்டி நிம்மதியாகக் கண்ணை மூடியது.

நமக்கு மட்டும் கிடைக்கும் சலுகை கொடுத்தவர் மனம் மாறினால் போய்விடும். எல்லோரும் ஒன்றுசேர்ந்து எல்லோருக்காகவும் பெற்ற உரிமையே நிலைத்து நிற்கும்.