பூட்டு மண்டபத்துப் பூதம்

ஏழு ஆறும் வத்தாம ஓடின காலம். காக்காயும் கல்லும் வாய் திறந்து பேசின காலம். அந்தக் காலத்துல ஏழாத்து நாடுன்னு ஒரு நாடு இருந்துச்சு. நம்பினா கேளுங்க, நம்பலைன்னாலும் கேளுங்க, எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது.

அந்த நாட்டு நடுவுல ஒரு கல்மண்டபம். பூட்டு மண்டபம்னு பேரு. ஊர்ல ஒவ்வொருத்தரும் ஒரு பூட்டைத் திறந்தபடி தன் பேருக்குக் கீழே அங்கே மாட்டி வைப்பாங்க. சாவி அவங்கவங்க இடுப்புல. உங்களுக்கு நான் ஒரு ரகசியம் எழுதணும்னு வச்சுக்கோங்க. மண்டபத்துக்குப் போய் உங்க பேரைச் சொல்லிக் கேட்பேன். உங்க பூட்டு மாதிரியே இன்னொரு பூட்டு என் கையில வந்து விழும். ஓலையைப் பெட்டியில வச்சு, பூட்டைப் போட்டு அமுக்கினா, பெட்டி தானா பறந்து சாவிக்காரர் மடியில போய் விழும். அந்தச் சாவி இல்லாம ராஜா வந்தாலும் திறக்காது.

சரி, அது உங்க பூட்டுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? யாராவது கேட்பீங்கன்னு பார்த்தேன், ஒருத்தரும் கேட்கலை. நானே சொல்லிடுறேன். உங்களைத் தெரிஞ்சவங்க அந்தப் பூட்டுல ஆளுக்கொரு நூல் முடிஞ்சு வைப்பாங்க. பூட்டை அமுக்கும்போது ஒவ்வொரு நூலும் குசுகுசுன்னு சாட்சி சொல்லும். "நான் கருத்தம்மா, பார்த்தேன்." "நான் ஒச்சப்பன், பார்த்தேன்." எல்லா நூலும் சொல்லி முடிச்ச பிறகுதான் பூட்டு 'டக்'குனு விழும்.

மண்டபத்தைக் காத்தது ஒரு பூதம். தூணோட தூணா உட்கார்ந்திருக்கும், கண்ணு இமைக்காது. முன்னே ஒரு ராஜா தனக்குப் பிடிக்காதவங்க பூட்டையெல்லாம் பிடுங்கி ஆத்துல எறிஞ்சான். அதுக்கப்புறம் ஊரே கூடி அந்தப் பூதத்துகிட்ட மூணு சத்தியம் வாங்கிச்சு.

"வர்றதை வாங்குவேன். வாங்கினதை விடமாட்டேன். கேட்டா கொடுப்பேன்."

இந்த மூணைத் தவிர அது நாலாவது வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

அந்த ஊர்ல காத்தாயின்னு ஒருத்தி, கொடிக்கால்ல வெத்தலை கிள்ளுறவ. அவளுக்கு ஒரே தங்கச்சி, வடிவு. தாயில்லை தகப்பனில்லை, ஒருத்திக்கு ஒருத்திதான். அந்த வடிவை அஞ்சனவாயன்கிற மந்திரவாதி தூக்கிட்டுப் போயிட்டான். "என்னைக் கட்டிக்கோ"ன்னான். "மாட்டேன்"னா. "அப்போ கல்லாப் போ"ன்னான். முதல் அமாவாசைக்குக் கால், ரெண்டாவது அமாவாசைக்கு இடுப்பு, மூணாவது அமாவாசை பொழுது சாயும்போது வாய்.

அவன் கோட்டை வாசலுக்கு ஒரு சொல் உண்டு. வெளியே நின்னு அதைச் சொன்னா கதவும் திறக்கும், சாபமும் விடும். அவன் முணுமுணுக்கிறது வடிவு காதுல தினமும் விழும். ஆனா வெளியே எப்படிச் சொல்றது? கோட்டையை விட்டு அந்தச் சொல் வாய்வழியாப் போனாலும் ஓலையில போனாலும் அவன் உள்ளங்கை மையில தெரிஞ்சுடும். மண்டபத்துப் பூட்டு போட்ட பெட்டிக்குள்ள இருக்கிறது மட்டும் தெரியாது.

கால் கல்லான மறுநாள் ஒரு காக்கா ஜன்னல்ல வந்து உட்கார்ந்துச்சு. காக்காயை மட்டும் அவன் தொடமாட்டான், முன்னோர் சாபம்னு அவனுக்கும் ஒரு பயம். "எங்கக்கா பூட்டை வாங்கிட்டு வர்றியா?"ன்னு வடிவு கெஞ்சினா. காக்கா போச்சு, கேட்டுச்சு, பூதம் கொடுத்துச்சு. வடிவு ஓலையை வச்சுப் பூட்டினா. பெட்டி பறந்து நேரா அஞ்சனவாயன் மடியில விழுந்துச்சு.

எப்படின்னு கேட்கிறீங்களா? காத்தாயி பேருக்குக் கீழே, அவ பூட்டுக்குப் பக்கத்துலயே, அவன் தன் பூட்டை மாட்டி வச்சிருந்தான். வர்றதை வாங்குவேன்னு பூதமும் வாங்கி வச்சிருக்கு. அதுல ஒரு நூல்கூட இல்லை, வடிவு அவசரத்துல பார்க்கலை. அவன் ஓலையைப் படிச்சு வாசல் சொல்லை மாத்திட்டான். ரெண்டாவது அமாவாசைக்கு அவ இடுப்பு கல்லாச்சு.

"எங்கக்கா பூட்டுல பதினோரு நூல் இருக்கும், அதைப் பார்த்து வாங்கிட்டு வா"ன்னு வடிவு மறுபடி அனுப்பினா. அதுக்குள்ள அஞ்சனவாயன் ஒரு உச்சிவேளையில, ஆள் நிழல் காலுக்குள்ள ஒடுங்கிற நேரத்துல, மண்டபத்துக்கு வந்தான். கையில சுடுகாட்டுல பொறுக்கின தலைமயிர். ஒவ்வொரு மயிருக்கும் செத்துப்போன ஒருத்தர் பேரைச் சொல்லி, காத்தாயியோட நல்ல பூட்டுலயே முடிஞ்சான். ஒண்ணில்லை ரெண்டில்லை, லட்சம் முடிச்சு. பூதம் கண்ணு இமைக்காம வாங்கிச்சு.

காக்கா அந்தப் பூட்டைத் தூக்க முடியாம தூக்கிட்டு வந்து போட்டுச்சு. வடிவு அமுக்கினா. "நான் மாடத்தி, பார்த்தேன்." "நான் பெத்தணன், பார்த்தேன்." ஈரமண்ணுக்குள்ள இருந்து வர்ற மாதிரி குரல். ஒரு நாள் போச்சு, பத்து நாள் போச்சு, குரல் நிக்கலை, பூட்டு விழலை. அவ விரல்தான் மரத்துப் போச்சு. காக்கா சொல்லி விஷயம் தெரிஞ்சு காத்தாயி புதுசா ஒரு பூட்டு மாட்டினா. அவ வீடு திரும்புறதுக்குள்ள அதுலயும் பத்தாயிரம் மயிர்.

மூணாவது அமாவாசையும் வந்துடுச்சு. காத்தாயி தமுக்கடிச்சு ஊரை மண்டபத்துல கூட்டினா. அரண்மனைத் தளவாய் உருவின கத்தியோட வந்தாரு.

"இந்தாம்மா காத்தாயி, பூட்டை எடுக்கவும் நூலை அறுக்கவும் உரிமை இனி அரண்மனைக்குன்னு ஊர் ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்பவே அத்தனை மயிரையும் அறுத்துத் தர்றேன். உன் தங்கச்சி சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவா."

ஊர் காத்தாயி முகத்தைப் பார்த்துச்சு. சரின்னு சொல்லிடலாம்னுதான் எல்லாருக்கும். அவளுக்கும்தான். தங்கச்சி வாய் அடைஞ்சு போறது கண்ணுக்குள்ள நிக்குது, கண்ணுல தண்ணி கொட்டுது.

"வேணாம் ஐயா. இன்னைக்கு என் பூட்டுல மயிரை அறுப்பீங்க. நாளைக்கு உங்களை எதுத்துப் பேசினவன் பூட்டையே அறுப்பீங்க. அதுக்குப் பயந்துதானே நம்ம பாட்டன் பூட்டன் சத்தியம் வாங்கினாங்க?"

தளவாய் கத்தியை உறையில போட்டுக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. காத்தாயி பூதத்துக்கு முன்னாடி போய் நின்னா.

"பூதமே, வாங்கினதை நீ விட வேண்டாம். லட்சம் மயிரையும் நீயே வச்சுக்கோ. ஆனா என் பேருல ஒருத்தன் பூட்டு மாட்டினானே, என்னைக் கேட்டியா? என் பூட்டுல முடிச்சு போட்டானே, எனக்கு அது வேணுமான்னு கேட்டியா? செத்தவங்க பேரைச் சொன்னானே, அவங்களைக் கேட்டியா?"

பூதத்தோட கண்ணு முதல் தடவையா இமைச்சுச்சு.

"யாரும் என்னைக் கேட்கச் சொல்லலை"ன்னுச்சு.

ஊருக்குச் சிலிர்த்துப் போச்சு. காத்தாயி ஊரைப் பார்த்தா. "கேட்கச் சொல்லுவோமா? பேருக்கு உடையவரை மட்டும் கேட்கட்டும். ராஜாவையும் இல்லை, தளவாயையும் இல்லை." ஊர் ஒரே குரலா "கேட்கட்டும்"னுச்சு. நாலாவது சத்தியம் அப்படித்தான் வந்துச்சு: "பேருக்கு உடையவரைக் கேட்பேன்."

பூதம் எழுந்துச்சு. அது உட்கார்ந்திருந்த இடத்துல தூண் இல்லைன்னு அப்போதான் தெரிஞ்சுது. காத்தாயிகிட்ட வந்து, "அந்த நூலில்லாத பூட்டு உன்னுதா?"ன்னு கேட்டுச்சு. "என்னுது இல்லை." நூல் முடிஞ்ச பதினோரு பேர்கிட்டயும் போய், "நீ பார்த்தியா?"ன்னு கேட்டுச்சு. "பார்த்தேன்"னாங்க. அப்புறம் சுடுகாட்டைப் பார்த்து நடந்துச்சு. வெயில் கொளுத்துது, ஒரு இலை அசையலை.

"நீ பார்த்தியா?"

மண்ணுக்கு அடியில இருந்து பதில் வந்துச்சு. "நான் பார்க்கலை. நான் முடிச்சுப் போடலை." இன்னொண்ணு, இன்னொண்ணு, அப்புறம் லட்சமும் சேர்ந்து. ஒச்சப்பன் தன் செத்துப்போன பொண்டாட்டி மாடத்தியோட குரலைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். கடைசியா எல்லாக் குரலும் ஒரே கேள்வி கேட்டுச்சு. "என் பேரைச் சொன்னது யாரு?"

"அஞ்சனவாயன்"னு பூதம் சொல்லிச்சு. குரலெல்லாம் அடங்கிச்சு. தரையை ஒட்டி ஒரு குளிர்ந்த காத்து கோட்டைப் பக்கமாப் போச்சு.

பூதம் திரும்பி வந்து காத்தாயியைப் பார்த்துச்சு. "எந்த நூலோட கொடுக்கட்டும்?" "அந்தப் பதினொண்ணோட மட்டும்." காக்கா அந்தப் பூட்டைக் கொத்திக்கிட்டுப் பறந்துச்சு. வடிவுக்கு அப்போ கழுத்து வரைக்கும் கல்லு. கை மட்டும் மிச்சம். ஓலையை வச்சு அமுக்கினா. பதினோரு பேர் சொன்னாங்க, பூட்டு 'டக்'குனு விழுந்துச்சு.

பெட்டி மடியில விழுந்ததும் காத்தாயி திறந்தா, படிச்சா, ஓடினா. பொழுது சாய இன்னும் ஒரு விரல் அகலம்தான் பாக்கிங்கிறப்போ கோட்டை வாசல்ல நின்னு அந்தச் சொல்லைச் சொன்னா. கதவு திறந்துச்சு, கல்லு உதிர்ந்துச்சு. உள்ளே அஞ்சனவாயன் காதைப் பொத்திக்கிட்டு மூலையில கிடந்தான். "என் பேரை எதுக்குச் சொன்னே?"ன்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கேட்கிறாங்க, மந்திரம் சொல்ல அவனுக்கு வாய் ஒழியலை. லட்சம் பேருக்கும் பதில் சொல்லி முடிக்கணுமே, இன்னும் சொல்லிக்கிட்டிருக்கான்.

அக்கா தங்கச்சியைத் தோள்ல சாய்ச்சு வீட்டுக்குக் கூட்டி வந்தா. ஆனா வடிவு பேசலை. கல்லு உதட்டைத் தொட்டுட்டுப் போயிருந்துச்சு. ஒரு நாள், ரெண்டு நாள், வாயே திறக்கலை. கஞ்சி வேணுமான்னா தலையாட்டுவா, அவ்வளவுதான். மூணாம் நாள் காத்தாயி மண்டபத்துக்குப் போய் வடிவு பேருல புதுசா ஒரு பூட்டு மாட்டினா. சாவியை அவ இடுப்புல முடிஞ்சு விட்டா.

அன்னைக்கு உச்சிவேளைக்குப் பூதம் வாசல்ல வந்து நின்னுச்சு.

"இந்தப் பூட்டு உன்னுதா?"

வடிவு அக்காவைப் பார்த்தா. பதில் காத்தாயி நாக்கு நுனியிலதான் இருந்துச்சு, ஆனா கேட்டது அவளை இல்லை. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா. பூதமும் நின்னுச்சு, நிழல் நகர்ந்துச்சு, அது மறுபடி கேட்கவுமில்லை, போகவுமில்லை.

வடிவு உதடு மெல்லப் பிரிஞ்சுது.

"ஆமா. என்னுதுதான்."