தராசில் கற்பூரம்

கற்பூரத்தைத் தின்றது நீர்தானய்யா, நாட்டு மருந்துக் கடை முதலாளியே! எடை போடும் பெண் செல்லக்கிளி மேல் பழியா?

மிளகு போட்டு அவள் இறுக்கி மூடிய கற்பூர டப்பாவை, கடை மணக்கட்டும் என்று திறந்து போட்டது யார்? ஒரு மாதம் கழித்து எடை குறைந்ததும் நடுக்கடையில் கத்தினீர்: "பக்கத்துல படிகக்கல் அப்படியே இருக்கு. இது மட்டும் எப்படிடி கரையும், திருடி? சாயங்காலத்துக்குள்ள கொண்டா, இல்ல வேலையை விட்டுப் போ!"

பத்தாவது படித்தவள் அவள். தராசில் ஒரு தட்டில் கற்பூரத் துண்டுகள், மறுதட்டில் சம எடைக்குப் படிகக்கல் வைத்து, வெயிலில் தொங்கவிட்டாள். மத்தியானம் கல் தட்டு இறங்கியிருந்தது.

"கல்லுல எல்லா அணுவும் கடைசி வரைக்கும் கைகோத்து நிக்குது மொதலாளி. ஒண்ணு கிளம்பணும்னா பிடியை முறிக்கணும். கற்பூரத்துல அணுவெல்லாம் சின்னச் சின்னக் கூட்டம். கூட்டத்துக்குள்ளதான் பிடி கெட்டி, அடுத்த கூட்டத்தோட சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது. திறந்தா கூட்டங்கூட்டமா கிளம்பிடும்."

"கிளம்பி எங்கேடி போச்சு?"

"மாசம் பூரா 'ஆகா, என்ன வாசம்'னு இழுத்தீங்களே, அந்த மூக்குக்குள்ள!"

கடையே சிரித்தது. வேலையில் இருக்கவிட்டீர், சரி. திருடி என்ற பேரை யார் துடைப்பது? அதே நடுக்கடையில், அதே தொண்டையில், "அவ திருடல" என்று கத்துமய்யா!