ரெக்கார்டு நோட்டும் சிவப்பு வரியும்

ஒரு பெண்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் ஒரு ரெக்கார்டு நோட்டும் ஒரு சிவப்பு வரியும் இருந்தன.

நோட்டுக்குப் பிரவுன் அட்டை. உள்ளே பன்னிரண்டு புரோகிராம்கள். ஒவ்வொன்றின் அடியிலும் 'வெற்றிகரமாக இயக்கப்பட்டது' என்று எழுதி, டீச்சரின் கையெழுத்தும் வாங்கியாயிற்று. உண்மையில் ஒன்றைக்கூட யாரும் இயக்கிப் பார்க்கவில்லை. ஒருத்தி எழுதியதை வகுப்பே பார்த்து எழுதியது, அவ்வளவுதான். அதற்கே நோட்டுக்கு அப்படியொரு மிதப்பு!

சிவப்பு வரி இருந்தது திரைக்குள். புரோகிராமில் தப்பு இருந்தால் வந்து நிற்கும். அதைக் கண்டதும் பிள்ளைகள் பதறிப்போய்க் கம்ப்யூட்டரையே அணைத்துவிடுவார்கள். அது என்ன சொல்ல வருகிறது என்று ஒருத்தியும் படித்ததில்லை. பாவம்.

செய்முறைத் தேர்வு வந்தது. ஒன்று முதல் பத்து வரை கூட்டும் புரோகிராம். ஓடினால்தான் மார்க். நோட்டின் சொந்தக்காரி எஸ்தர், அதிலிருந்து மனப்பாடம் செய்ததை மளமளவென்று அடித்து ஓடவிட்டாள். சிவப்பு வரி வந்து நின்றது.

பக்கத்திலிருந்த மும்தாஜ் கிசுகிசுத்தாள். "எனக்கும் அதேதான்டி. மிஷின் கெட்டுப்போச்சு. ஆஃப் பண்ணிட்டு மறுபடி அடி."

"ஆமாம், என்மேல் தப்பே இருக்காது. கையெழுத்தைப் பார்!" என்று தேர்வாளர் மேஜையிலிருந்து அதட்டியது நோட்டு.

எஸ்தரின் விரல் பொத்தானுக்குப் போனது.

"ஒரே ஒரு தடவை என்னைப் படியேன்," என்று கெஞ்சியது சிவப்பு வரி.

எஸ்தர் படித்தாள்.

"இரண்டாம் வரியில் 'மொத்தத்தோடு கூட்டு' என்கிறாய். அந்த மொத்தம் எது? எனக்கு யாருமே சொல்லவில்லையே?"

"வகுப்பே எழுதியது எப்படித் தப்பாகும்?" என்று சீறியது நோட்டு.

"வகுப்பே ஒரு வரியை விட்டுவிட்டது," என்றது சிவப்பு வரி.

எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொத்தம் பூஜ்யத்தில் தொடங்கட்டும் என்று மேலே ஒரு வரி சேர்த்தாள். திரையில் 55 வந்தது. எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

தேர்வாளர் வந்து பார்த்தார். "இருபது வரைக்கும் கூட்டிக் காட்டும்மா."

நோட்டில் அது இல்லை. எஸ்தர் ஒரே ஓர் எண்ணை மாற்றினாள். 210. அவர் முழு மார்க் போட்டார்.

மும்தாஜ் தன் திரையை உதடசையப் படித்தாள். பரீட்சை என்பதையே மறந்து கத்தினாள்.

"ஏய், தப்பு எங்க இருக்குன்னு இதுவே சொல்லுதுடி!"

லேபில் அணைந்து கிடந்த கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன.