மூன்று முறை எழுதிய ‘பழுது இல்லை’

ஒரு பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகளை எத்தனையோ கேட்டிருப்பீர்கள். இது ஒரு பழிக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதை. காதைக் கொடுத்துக் கேளுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், நழுவ விடமாட்டேன்.

தூத்துக்குடி புறவழிச்சாலையில் ஒரு பெரிய கார் பட்டறை. அங்கே வேலை பார்த்தவள் ஜெனிட்டா. இந்தக் காலத்துக் கார்களுக்குக் கண் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்பக்கத்துக் கம்பெனி முத்திரைக்குப் பின்னால் ரேடார் என்று ஒரு சின்னப் பெட்டி ஒளிந்திருக்கும். குறுக்கே ஆள் வந்தால், டிரைவர் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே கார் தானாக நிற்கும். அந்தக் கண்ணில் கோளாறு வந்தால் கண்டுபிடிப்பது ஜெனிட்டாவின் வேலை. கெட்டிக்காரி, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மடிக்கணினியை வண்டியில் மாட்டி அது சொல்வதை மட்டுந்தான் கேட்பாள். “டிரைவர்மார் கதை விடுவாங்க, கம்ப்யூட்டர் விடாது” என்பது அவள் அடிக்கடி சொல்லும் வாசகம்.

பட்டறையில் இரண்டு வழக்கங்கள். டிரைவர்கள் வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. வந்த வண்டியை முதலில் குளிப்பாட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். தண்ணீர் அடிப்பவர் காசிலிங்கம், ஒரு தூசி விடமாட்டார்.

ஓர் அரிசி ஆலை முதலாளியின் காரை அதன் டிரைவர் பேச்சிமுத்து கொண்டுவந்தார். ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிகிறதாம். ஜெனிட்டா பார்த்தாள். ‘ஐந்தாம் தேதி காலை ஏழு மணி, ரேடாரை ஏதோ மறைக்கிறது’ என்று பதிவு இருந்தது. போய்ப் பார்த்தால் முத்திரை பளபளவென்று இருக்கிறது. ஓட்டிப் பார்த்தாள், கண் ஒழுங்காக வேலை செய்தது. பதிவை அழித்துவிட்டு, வண்டியோடு கொடுத்தனுப்பும் அட்டையில் ‘பழுது இல்லை’ என்று எழுதினாள்.

அடுத்த வாரமும் பேச்சிமுத்து வந்தார். பதிவில் பன்னிரண்டாம் தேதி காலை. மறுபடி ‘பழுது இல்லை’. அதற்கடுத்த வாரம் பத்தொன்பதாம் தேதி காலை. இந்த முறை அவளுக்கே உறுத்தியது. ‘பிடிபடவில்லை’ என்று எழுதலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். அப்படி எழுதினால் மேலாளர், “வேலை தெரியாத பட்டறைன்னு நாமளே எழுதிக் கொடுக்கவா?” என்பார். பழைய இரண்டு வார்த்தைகளையே எழுதினாள்.

இருபத்தாறாம் தேதி காலை விளக்கு மறுபடி எரிந்தது. “மொதலாளி, வேற வண்டியில போவோமே” என்றார் பேச்சிமுத்து. பின்சீட்டில் இருந்தவர் மூன்றாவது அட்டையை நீட்டினார். “அதான் ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்கல்லா, எடுவே!” என்றார். முக்காணி ஊரைத் தாண்டி, நின்ற லாரிக்குப் பின்னாலிருந்து பதநீர்க் குடத்தோடு தங்கபுஷ்பம் என்ற பெண் சாலையில் இறங்கினாள். பேச்சிமுத்து பிரேக்கை மிதித்தார். அரை நொடி தாமதம். கார் தானாக நிற்கவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அந்தப் பாவி மகள் போய்ச் சேர்ந்தாள்.

காரைப் பட்டறைக்கு இழுத்து வந்தபோது, ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று போலீஸ் உத்தரவு. அந்தக் காரைக் குளிக்காத கோலத்தில் ஜெனிட்டா பார்த்தது அன்றைக்குத்தான். இடது மூலை நொறுங்கிக் கிடந்தது. நடுவில் முத்திரை முழுதாக இருந்தது, அதன் மேல் விரற்கடை கனத்துக்குச் சந்தனம், நடுவே குங்குமம். முதல் தடவையாக வாசலுக்குப் போய் டிரைவரிடம் கேட்டாள்.

“அண்ணாச்சி, இது எப்பப் பூசுவீங்க?”

“வெள்ளிக்கெழமதோறும் காலையில. ஈரச் சந்தனம் அப்பிட்டுத்தான் வண்டிய எடுப்பேன். ஏன் தாயி?”

முத்திரைக்குப் பின்னால் கண் இருப்பதையும், ஈரச் சந்தனம் அதை மறைத்துவிட்டதையும் அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தங்கபுஷ்பத்தின் கணவர் சங்கரபாண்டி அந்தக் காரைப் பார்க்க வந்து நின்றார். கண்ணில் தண்ணீர் இல்லை, அழுது தீர்ந்துவிட்டது.

“நாந்தான் பூசுனேன். அவ சாவு என் கையால வந்தது” என்று பேச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

“கழுவித் தொடச்சது நானய்யா. ஒரு நாளாவது ‘சந்தனம் இருந்துச்சு’ன்னு உள்ள சொல்லியிருந்தா?” என்றார் காசிலிங்கம்.

“எழுதிக் கொடுத்தது நான்” என்றாள் ஜெனிட்டா.

சங்கரபாண்டி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒருத்தரச் சொல்லுங்க. மூணு பேர வெறுக்க எனக்குத் தெம்பு இல்ல” என்றார்.

கேட்டீர்களா? அந்த மனிதர் இன்னும் நிற்கிறார். பூசியவரா, கழுவியவரா, எழுதியவளா? இல்லை, வண்டியை எடுக்கச் சொன்ன முதலாளியா? பழி யாருக்கு?

விடை: பூசியவருக்கு அங்கே கண் இருப்பதை யாரும் சொல்லவில்லை. விளக்கு எரிந்தபோதெல்லாம் முறையிட்டவரும் அவரே. கழுவியவர் இட்ட வேலையைச் செய்தார். முதலாளி அவசரக்காரர்தான், ஆனாலும் அட்டையை நம்பித்தான் போனார். பழி ஜெனிட்டாவுக்கே. சந்தனத்தைக் காணாதது அவள் குற்றமல்ல. ஏழேழு நாள் இடைவெளியில் மூன்று தேதிகள் அவள் கண்முன் இருந்தன, கேட்டால் சொல்ல ஓர் ஆள் வாசலில் இருந்தார். கேட்காமல், தனக்குத் தெரியாததை ‘இல்லை’ என்று எழுதினாள். ‘பிடிபடவில்லை, விளக்கு எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்’ என்று ஒரு தடவை எழுதியிருந்தால் தங்கபுஷ்பம் இன்று பதநீர் விற்றுக்கொண்டிருப்பாள். ஜெனிட்டா இதையே வாகன ஆய்வாளருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை போயிற்று. சங்கரபாண்டி அதை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.