மேயும் கேமரா

கோணல்குளம் புகைப்படக் கழகத்தில் மூன்று பேர். தலைவர் பரமானந்தம், செயலாளர் நல்லசிவம், பிறகு ஐயாக்கண்ணு. ஐயாக்கண்ணுவுக்குப் பதவி இல்லை. படம் எடுப்பது அவர்தான் என்பதால் மற்ற இருவருக்கும் பதவி தேவைப்பட்டது.

இவர்கள் மதுரையிலிருந்து அகச்சிவப்புக் கேமரா ஒன்றை வரவழைத்தார்கள். சாதாரண டிஜிட்டல் கேமராவுக்குள் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்க ஒரு கண்ணாடித் தகடு இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, நம் கண் பார்க்கும் ஒளியைத் தடுக்கிற தகடு ஒன்றை மாட்டினால் வேலை முடிந்தது. உங்களுக்குப் புரிந்துவிட்டது. கழகத்துக்கு இதைக் கடைக்காரர் போனில் சொன்னார்.

"கண்ணுக்குத் தெரியாத ஒளியைத்தான் இது பார்க்கும். நல்ல வெயில்ல எடுங்க. முதல்ல பச்சைப் புல்லைக் காட்டி நிறத்தைச் சரிபண்ணிக்கங்க."

கழகத்துக்கு ஓர் அவசரம் இருந்தது. பரமானந்தத்தின் தங்கை அல்லி, தன்னோடு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் கதிரேசனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். அவனுக்கும் விருப்பம்தான். அவன் அம்மா வடிவாம்பாள் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: மருமகள் சிவப்பாக இருக்க வேண்டும். அல்லியோ நல்ல கறுப்பு. "முதல்ல போட்டோ வரட்டும்" என்றிருந்தார் அந்த அம்மாள்.

"கண்ணுக்குத் தெரியாததைத்தான் பார்க்கும்னாரு. அல்லி நல்லாத் தெரியுதே?" என்று நல்லசிவம் சந்தேகம் எழுப்பினார்.

ஆகவே அல்லியைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கதவு மிக நன்றாக வந்திருந்தது.

"அண்ணே, என்னைக் காணோமே!"

"கேமரா உன்னைப் பார்த்திருக்கும்மா. நமக்குக் காட்டலை, அவ்வளவுதான்" என்றார் பரமானந்தம்.

அல்லி பச்சைப் பட்டுப் புடவையோடு தானே வெளியே வந்து, உச்சி வெயிலில் வேப்பமரத்தின் முன்னால் நின்றாள். ஐயாக்கண்ணு ஒரு கைப்பிடி புல்லைக் கேமராவுக்குக் காட்டி, "போதுமா?" என்று கேட்டுவிட்டு, மரியாதைக்குக் கொஞ்சம் காத்திருந்து எடுத்தார்.

படத்தில் வேப்பிலை பஞ்சாக வெளுத்திருந்தது. பச்சைப் புடவை வெள்ளைப் புடவையாகியிருந்தது. அல்லியின் முகம் பால்போல் இருந்தது.

"புல்லைக் காட்டிப் பழக்கினது தப்பு" என்றார் நல்லசிவம். "பச்சையைக் கண்டா மேஞ்சிடுது. வேம்பை மேஞ்சிருக்கு, புடவையை மேஞ்சிருக்கு."

"அல்லி மூஞ்சி என்ன பச்சையா?" என்றார் பரமானந்தம்.

"பசியில இருக்கிறது பச்சை கறுப்புன்னு பார்க்குமா?"

வயிறு நிறைந்தால் புடவையையாவது விட்டுவைக்கும் என்று முடிவாயிற்று. ஐயாக்கண்ணு ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிவந்து, நிதானமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மறுபடி எடுத்தார்கள். மறுபடி எல்லாம் வெள்ளை.

"மரம் பச்சையாத்தானே நிக்குது? தலையைத் திருப்பிப் பாருங்களேன்!" என்று கத்தினாள் அல்லி.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"துளிர்த்துடுச்சு" என்றார் நல்லசிவம். "வேம்பு சட்டுனு துளிர்க்கும்."

வேறு வழியில்லாமல் அந்தப் படமே போயிற்று. பல்லி சத்தத்துக்குக்கூடப் பஞ்சாங்கம் பார்க்கும் வடிவாம்பாள், கல்யாணப் பெண் வெள்ளைப் புடவையில் நிற்பதைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்த நிறத்துக்கு எதுவும் எடுக்கும்" என்று மகிழ்ந்து, மகனோடு உறுதி செய்ய வந்துவிட்டார்.

அல்லி காபி கொண்டுவந்தாள். அந்த அம்மாள் காபியை வாங்கிக்கொண்டு, "சரி, பொண்ணைக் கூப்பிடுங்க" என்றார்.

"இவதாம்மா பொண்ணு" என்றார் பரமானந்தம்.

"இவளை யாரு கேட்டா? எனக்குப் பிடிச்சது போட்டோவுல இருக்கிறவளை."

"அம்மா சொல்றது நியாயம்" என்றார் நல்லசிவம். "பேசி முடிச்சது அந்தப் பொண்ணைத்தானே?"

அல்லி கதிரேசனைப் பார்த்தாள். கதிரேசன் தொண்டையைச் செருமினான். "அம்மா, அவளையே மருமகளாக் கூட்டிட்டுப் போவோம். அவளுக்குத் துணையா இவளும் வரட்டுமே?"

வடிவாம்பாள் யோசித்தார். "துணைக்குன்னா சரி."

கல்யாணம் நடந்தது. படம் சட்டம் போட்டு மாமியார் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. "என் மருமக எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டா" என்று வடிவாம்பாள் தெருவெல்லாம் சொன்னார். சம்பளத்தை மட்டும் துணைக்கு வந்தவளிடம் வாங்கிக்கொண்டார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தது. படத்துக்கு மாலை போட்டால் வந்தவர்கள் துக்கம் விசாரிப்பார்கள் என்று அதை விட்டுவிட்டு, சட்டத்தின் இரு மூலைகளிலும் கண்ணாடி வளையல்களை மாட்டினார்கள். அல்லி தன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் தாம்பாளத்தோடு நின்றாள். கழகத்தார் கேமராவோடு வந்து சேர்ந்தார்கள்.

"தங்கச்சி, நேராப் பாரு. கொஞ்சம் சிரி" என்றார் ஐயாக்கண்ணு.

அல்லி சிரித்தாள்.

"நீ இல்லம்மா" என்று கையை ஆட்டினார் ஐயாக்கண்ணு. "நீ கொஞ்சம் தள்ளி நில்லு. புள்ளைத்தாச்சி மேல உன் நிழல் விழுது."